மருத்துவமனையில் நமக்கு ஓர் ஓட்டு

போன மாதம் கிள்ளானிலிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வந்தது. உங்களுக்கும் வந்திருக்கலாம், அது வராவிட்டால் அதைப் போல இன்னொன்று வந்திருக்கும். லாரி ஓட்டுநர், வயது 48, இருதயத்தில் மூன்று அடைப்பு. அரசாங்க மருத்துவமனையில் கிடைத்த தேதி சில மாதங்கள் தள்ளி. தனியார் மருத்துவமனையோ, முன்பணம் கட்டினால் இந்த வாரமே செய்கிறோம் என்கிறது. கீழே மனைவியின் பெயரில் வங்கிக் கணக்கு எண். அதற்கும் கீழே, “முடிந்ததைச் செய்யுங்கள் அண்ணா, அக்கா” என்று ஒரு வரி. முடிந்ததை அனுப்பினேன். அந்த வாரமே சிறுநீரகம் பழுதான ஒரு பெண்ணுக்காக இன்னொரு செய்தி. அடுத்த வாரம் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிய ஒரு பையனுக்காக.

இப்படி ஓர் ஆண்டில் எவ்வளவு கொடுக்கிறோம் என்று நண்பர்கள் சிலர் பிரிக்பீல்ட்ஸில் தே தாரேக் குடித்துக்கொண்டே கணக்குப் போட்டோம். ஆளுக்கு 300, 400 வெள்ளிக்குக் குறையவில்லை. அதாவது மாதம் முப்பது வெள்ளி. யாரும் கட்டாயப்படுத்தாமல், ரசீது இல்லாமல், சந்தா என்ற பெயரில்லாமல் மாதம் முப்பது வெள்ளியை நோய்க்காகக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அந்தப் பணம் எங்கும் சேர்ந்து நிற்பதில்லை. ஒரு மருத்துவமனையின் கட்டண முகப்பில் போய்க் கரைந்துவிடுகிறது. அடுத்த நோயாளிக்கு மீண்டும் முதலிலிருந்து வசூல்.

இதே பணத்தை நோய் வருவதற்கு முன்னால் கட்டி, மருத்துவமனையையே தங்களுடையதாக்கிக்கொண்ட ஊர்கள் இருக்கின்றன. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் அரசாங்க மருத்துவமனைகளைக் குறை சொல்லும் கட்டுரை இதுவல்ல. ஒரு வெள்ளிக்கு வெளிநோயாளி சிகிச்சை, ஐந்து வெள்ளிக்கு நிபுணர் என்பது பல நாடுகள் கனவிலும் காணாத ஏற்பாடு. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் காலை ஏழு மணிக்கே வண்டி நிறுத்த இடம் தேடி அலைகிறோம் என்றால், அத்தனை பேருக்கு அது வேண்டியிருக்கிறது என்றுதான் அர்த்தம். சிக்கல் காத்திருக்க முடியாத நோயில்தான். அப்போது தனியாரிடம் ஓடுகிறோம். அங்கே ஒரு விசித்திரம் உண்டு. தனியார் மருத்துவமனையில் டாக்டரின் கட்டணத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு இருக்கிறது. மற்றவற்றுக்கு, அதாவது கையுறை, ஊசி, உபகரணம், அறை என்று பில்லில் நீளும் வரிகளுக்கு, அப்படி வரம்பு கிடையாது. பில் ஏறுவது பெரும்பாலும் அந்த வரிகளில்தான்.

பில் ஏறினால் காப்புறுதிச் சந்தாவும் ஏறும். 2024 இறுதியில் மெடிக்கல் கார்டு வைத்திருந்த பலருக்குச் சந்தா 40 முதல் 70 விழுக்காடு வரை கூடும் என்று கடிதம் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கூச்சல் எழுந்த பிறகு டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பச் சொன்னது. பரப்பச் சொன்னது, ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. சந்தா கட்டும் நாம் அந்த விவாதத்தில் எங்கும் உட்கார்ந்திருக்கவில்லை. மருத்துவமனை ஒரு பக்கம், காப்புறுதி நிறுவனம் மறுபக்கம், நடுவில் அரசாங்கம். நோயாளிக்கு அந்த மேசையில் நாற்காலி கிடையாது.

நோயாளிக்கு நாற்காலி போட்டுப் பார்த்த முயற்சிதான் கூட்டுறவு மருத்துவமனை.

மும்பையில் தாதர் என்ற பகுதி. நம் பிரிக்பீல்ட்ஸ் மாதிரி ரயில் நிலையத்தைச் சுற்றி வளர்ந்த, நடுத்தரக் குடும்பங்கள் நிறைந்த இடம். அங்கே 1960களில் டாக்டர் வி.எஸ்.ரணதிவே என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் முன்னின்று, அக்கம்பக்கத்து மக்களைப் பங்குதாரர்களாகச் சேர்த்து, சுஷ்ருஷா குடிமக்கள் கூட்டுறவு மருத்துவமனையைத் தொடங்கினார். சுஷ்ருஷா என்றால் பணிவிடை. குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் பங்கு வாங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. பிற்காலத்தில் விக்ரோலியிலும் ஒரு மருத்துவமனை கட்டியிருக்கிறார்கள்.

தர்ம ஆஸ்பத்திரி நமக்குப் புதிதல்ல. கோலாலம்பூரில் யாப் குவான் செங் தொடங்கிவைத்த துங் ஷின் இருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் கன்னியாஸ்திரிகள் உருவாக்கிய அசுந்தா இருக்கிறது. நல்ல காரியங்கள்தான். ஆனால் தர்ம ஆஸ்பத்திரியில் நோயாளி கைநீட்டுகிறார். கூட்டுறவு ஆஸ்பத்திரியில் அவரே பங்குதாரர்; ஆண்டுக்கு ஒருமுறை எழுந்து நின்று, “இந்த வருடம் மருந்துக் கொள்முதல் ஏன் இவ்வளவு?” என்று கேட்கலாம். பதில் பிடிக்காவிட்டால் நிர்வாகக் குழுவை மாற்றி ஓட்டுப் போடலாம். நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டு. இங்கிலாந்தின் ராக்டேல் நெசவாளர்கள் 1844இல் கடை திறந்த காலத்திலிருந்து கூட்டுறவின் உயிர் அதில்தான் இருக்கிறது.

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது கேரளம். கண்ணூரில் ஏ.கே.ஜி. நினைவுக் கூட்டுறவு மருத்துவமனை, பெரிந்தல்மண்ணாவில் இ.எம்.எஸ். நினைவுக் கூட்டுறவு மருத்துவமனை, கொச்சியில் இந்திரா காந்தி கூட்டுறவு மருத்துவமனை, கொல்லத்தில் என்.எஸ். மருத்துவமனை என்று ஊருக்கு ஊர் உண்டு. பெயர்ப்பலகையைப் பார்த்தாலே எந்தக் கட்சிக்காரர்கள் முன்னின்று கட்டியது என்று ஊகித்துவிடலாம். அதில்தான் பலமும் இருக்கிறது, வில்லங்கமும் இருக்கிறது.

இரண்டையும் ஒரே மனிதரின் பெயரில் பார்க்கலாம். எம்.வி.ராகவன், சுருக்கமாக எம்.வி.ஆர். மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து 1986இல் வெளியேற்றப்பட்டு, சொந்தக் கட்சி தொடங்கி, 1991க்குப் பிறகு காங்கிரஸ் கூட்டணி அரசில் கூட்டுறவுத் துறை அமைச்சரானவர். கண்ணூர் மாவட்டம் பரியாரத்தில் பழைய காசநோய் மருத்துவமனை இருந்த அரசு நிலத்தில், கூட்டுறவுத் துறையில் ஒரு மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் கட்டினார். கூட்டுறவு என்ற பெயரில் அரசு சொத்தைத் தனியாரிடம் கொடுக்கிறார் என்று அவருடைய பழைய தோழர்கள் கொதித்தார்கள். 1994 நவம்பர் 25ஆம் தேதி கூத்துப்பரம்பில் அவருக்குக் கறுப்புக்கொடி காட்ட வந்த கூட்டத்தின்மீது போலீஸ் சுட்டதில் ஐந்து இளைஞர்கள் இறந்தார்கள். ஒரு மருத்துவமனைக்காக ஐந்து உயிர்.

அதன் பிறகும் பரியாரம் அடங்கவில்லை. நிர்வாகக் குழுத் தேர்தல் என்றால் சட்டமன்றத் தேர்தலைப் போல அடிதடி. ஆட்சி மாறினால் நிர்வாகத்துக்கும் ஆட்டம். கடைசியில் 2018, 2019 வாக்கில் மாநில அரசே அதை எடுத்துக்கொண்டது. இன்று அது கண்ணூர் அரசு மருத்துவக் கல்லூரி. நோயாளிக்குப் போட்ட நாற்காலியில் கட்சி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ராகவன் 2014இல் காலமானார். மூன்று ஆண்டுகள் கழித்து, கோழிக்கோட்டுக்கு வெளியே சாத்தமங்கலம் பக்கத்தில் அவர் பெயரிலேயே எம்.வி.ஆர். புற்றுநோய் மையம் திறக்கப்பட்டது. முன்னின்றது கோழிக்கோடு நகரச் சேவைக் கூட்டுறவு வங்கி. வங்கி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைக்காதீர்கள். கேரளத்தில் சேவைக் கூட்டுறவு வங்கி என்பது நகைக்கடன் கொடுக்கிற, தினச்சீட்டு வசூலிக்கிற, வாடிக்கையாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற தெருக்கோடி வங்கி. அப்படிப்பட்ட ஒன்று கதிர்வீச்சு இயந்திரங்களுடன் ஒரு புற்றுநோய் மருத்துவமனை எழ வழிசெய்தது என்பதை நினைத்துப் பாருங்கள். தலச்சேரியில் அரசு மையம் இருந்தும், பெரிய சிகிச்சை என்றால் இரவு ரயிலேறித் திருவனந்தபுரம் போய்க்கொண்டிருந்த மலபார்க் குடும்பங்களுக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் கிடைத்தது.

அங்கே என்னைக் கவர்ந்தது இயந்திரங்கள் அல்ல, ஒரு திட்டம். ஆரோக்கியமாக இருக்கும்போதே ஒரு தொகையை வைப்பாகக் கட்டலாம். பின்னாளில் புற்றுநோய் வந்தால், குறிப்பிட்ட வரம்புவரை சிகிச்சைக்குக் காசு கேட்க மாட்டார்கள். வராவிட்டால்? கட்டிய பணம் வராதவரின் புண்ணியத்தில் வந்தவருக்கு உதவுகிறது. நம் வாட்ஸ்அப் வசூலை வரிசை மாற்றி வைத்தால் இதுதான் கிடைக்கும்.

இதைப் படித்துவிட்டு, கேரளத்துக் கூட்டுறவு எல்லாமே பசும்பால் என்று நினைத்துவிட வேண்டாம். திருச்சூர் மாவட்டத்தின் கருவன்னூர் கூட்டுறவு வங்கி மோசடி 2021இல் வெளிப்பட்டபோது, வாழ்நாள் சேமிப்பை அங்கே போட்டிருந்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தைச் சிகிச்சைக்கு எடுக்க முடியாமல் அலைந்தார்கள். கூட்டுறவு என்ற சொல் ஒரு தாயத்து அல்ல.

கர்நாடகத்தில் இன்னொரு வழியில் போனார்கள். மருத்துவமனை கட்டவே இல்லை. டாக்டர் தேவி ஷெட்டியின் யோசனையில், கிராமக் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களிடம் மாதம் 5 ரூபாய், ஆண்டுக்கு 60 ரூபாய் வசூலித்து யஷஸ்வினி என்ற திட்டத்தை 2003இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அரசும் தன் பங்குக்குப் பணம் போட்டது. முதல் ஆண்டிலேயே 16 லட்சம் பேர் சேர்ந்தார்கள். ஏற்கெனவே இருக்கிற மருத்துவமனைகளிடம், “இத்தனை லட்சம் பேர் சார்பாக வந்திருக்கிறோம், அறுவைச் சிகிச்சைக்கு என்ன விலை?” என்று பேரம் பேசினார்கள். தனி ஆளாகப் போனால் மருத்துவமனை சொல்வதுதான் விலை. பதினாறு லட்சம் பேராகப் போனால் நாம் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

நம் உறவுமுறைக்குள்ளேயே ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. வலிகாமம் மேற்கில் மூளாய் என்ற கிராமம். அங்கே 1930களில் தொடங்கிய கூட்டுறவு மருத்துவமனை ஒரு போரையும் தாண்டி இன்றுவரை நடக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்து, ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலில் கும்பிட்டு, மலாயா பென்ஷனோடு ஊர் திரும்பிய தலைமுறையின் காலம் அது. சங்கம், சந்தா, கணக்குப் புத்தகம், ஆண்டறிக்கை என்பதெல்லாம் அந்தக் காலத்து மனிதர்களுக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. ஒரு சின்னக் கிராமம் மருத்துவமனை நடத்த முடிந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இங்கே மட்டும் என்ன குறைந்துவிட்டது? மலேசியத் தமிழர்கள் கூட்டுறவில் சாதித்ததை மூளாயோடும் கோழிக்கோட்டோடும் வைத்துப் பார்த்தால் நாம் தலைகுனிய வேண்டியதில்லை.

1950களின் பிற்பாதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டம் துண்டானால் வேலை மட்டுமா போகும்? லயத்து வீடு போகும், கோயில் போகும், பள்ளிக்கூடம் போகும், டிரசர் உட்கார்ந்திருந்த மருந்துக் கொட்டகையும் போகும். அப்போதுதான் 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தோட்டம் தோட்டமாக நடந்து, பால்மரம் வெட்டும் தொழிலாளியிடம் மாதம் பத்து வெள்ளி கேட்டார். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படிப் பிறந்தது. முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக. நேற்றுவரை துரைக்கு முன் கைகட்டி நின்றவர் தோட்டத்துக்குப் பங்குதாரர். அன்றைய பத்து வெள்ளி இன்றைய பத்து வெள்ளி அல்ல. வீட்டுச் செலவில் ஒரு பங்கையே பிடுங்கிக் கொடுத்திருக்கிறார்கள். (அந்தத் துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை எழுதிய பேராசிரியர் உங்கு அசிஸ்தான், 1971இல் தேசியக் கூட்டுறவு அமைப்பான அங்காசாவுக்கு முதல் தலைவரானார். இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.) பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையில் தினமும் நடக்கிறோம். அந்தப் பெயர் ஒரு பத்து வெள்ளியின் கதை என்பது இளையவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்படியானால் அந்தப் பத்து வெள்ளி ஏன் மருத்துவமனை வரை வரவில்லை?

பணம் இல்லாததால் அல்ல. 1982இல் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கியபோது சுமார் 66,000 பேர் சேர்ந்து 106 மில்லியன் வெள்ளி கொட்டினார்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய வீடுகளை நீங்களும் அறிவீர்கள். அது எப்படி முடிந்தது என்பதும் தெரியும்: ஏறக்குறைய 30 ஆண்டு கழித்துப் பங்கு ஒன்றுக்கு 80 சென் என்று ஒரு தனியார் நிறுவனம் வாங்கிக்கொண்டது. இடையில் 1986இல் பேங்க் நெகாரா 24 வைப்புக் கூட்டுறவுகளை முடக்கியபோது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சேமிப்பு மாட்டிக்கொண்டது. அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள் என்றாலும், கூட்டுறவு என்றாலே ஒரு நடுக்கம் எல்லார் மனத்திலும் விழுந்தது. சூடு கண்ட பூனை. யாராவது எழுந்து, சமூகத்துக்கு ஒரு மருத்துவமனை என்று சொன்னால், கேட்பவர் முதலில் சட்டைப் பையைத்தான் தொட்டுப் பார்க்கிறார்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மைக்கா கூட்டுறவு அல்ல, கம்பெனி. கம்பெனியில் ஓட்டு பங்குக்குத்தான், ஆளுக்கு அல்ல. ஆயிரம் பங்கு வைத்திருந்த மாரியம்மா கூட்டத்துக்கு வந்து கத்தினாலும், பெரிய பங்குதாரர் கை உயர்த்தாதவரை ஒன்றும் நகராது. கூட்டுறவில் மாரியம்மாவின் கையும் தலைவரின் கையும் ஒரே எடை. அதற்குச் சட்டம் இருக்கிறது, 1993ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டம். மேற்பார்வைக்கு 2008 முதல் மலேசியக் கூட்டுறவுச் சங்க ஆணையம் இருக்கிறது. 1986இல் இல்லாத கடிவாளங்கள் இப்போது உண்டு. ஆனால் மாரியம்மா கூட்டத்துக்கு வர வேண்டும். எந்தச் சட்டத்தாலும் அவரை வீட்டிலிருந்து அழைத்து வர முடியாது.

பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். தொழிலாளர்களுக்காக 1970இல் கூட்டுறவாகத் தொடங்கிய இன்கம் காப்புறுதி, 2022இல் கம்பெனியாக மாறியது. இரண்டே ஆண்டில் அதன் பெரும்பான்மைப் பங்கை ஜெர்மனியின் அலியான்ஸ் வாங்கப் பேச்சு வந்தது. பொதுமக்கள் கேள்வி கேட்டு, நாடாளுமன்றம்வரை போய், 2024 அக்டோபரில் அரசாங்கமே தடுத்தது. கூட்டுறவு என்ற ஓட்டை ஒருமுறை கழற்றிவிட்டால் உள்ளே இருப்பதற்கு விலை பேச ஆள் வந்துவிடுவான்.

மருத்துவர்கள் வருவார்களா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், லெபனானில் பிறந்த டாக்டர் மைக்கேல் ஷாடிட் என்பவர் 1929இல் விவசாயிகளிடம் ஆளுக்கு 50 டாலர் பங்கு சேர்த்துக் கூட்டுறவு மருத்துவமனை தொடங்கியபோது, சக மருத்துவர்களே அவரை ஒதுக்கிவைத்து, உரிமத்தைப் பறிக்கவும் முயன்றார்கள். ஆனால் நம் நிலைமை வேறு. வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையை மணிப்பாலுக்கும் ரஷ்யாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் மருத்துவம் படிக்க அனுப்பிய சமூகம் நாம். நம் பணத்தையும் உழைப்பையும் சேர்த்து பீடோங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் எழுந்தது. அரசாங்கப் பணியில் ஒப்பந்தம் முடிந்து நிரந்தர இடம் கிடைக்காமல் தவித்த இளம் டாக்டர்களை நம் குடும்பங்களிலேயே பார்த்தோம். டாக்டருக்குப் பஞ்சம் இல்லை.

இருந்தாலும், நூறு படுக்கை மருத்துவமனையில் தொடங்கு என்று சொன்னால் நான் கை தூக்க மாட்டேன். மருத்துவமனை என்பது கட்டடம் கட்டி நாடா வெட்டுவதோடு முடிவதல்ல. இரவு மூன்று மணிக்கு மயக்க மருந்து நிபுணர் வேண்டும், இயந்திரம் பழையதானால் மாற்ற வேண்டும், படுக்கை நிரம்பாத மாதத்திலும் சம்பளம் போட வேண்டும். சிறு பங்குகளை நம்பி இதில் இறங்குபவர்கள் இரண்டாம் ஆண்டே கடன்காரரிடமோ கட்சிக்காரரிடமோ போய் நிற்பார்கள். பரியாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு முதலில் வேண்டியது வேறொன்று. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இனிப்பு நீர் என்று நாம் செல்லமாக அழைக்கிற அந்த நோய் கடைசியில் கொண்டுபோய் விடும் இடங்களில் ஒன்று டயாலிசிஸ் நாற்காலி. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், உயிர் உள்ளவரை. சொக்சோ சந்தாதாரருக்கு உதவி உண்டு. முஸ்லிம் அன்பர்களுக்கு சகாத் நிதி கைகொடுக்கிறது. வீட்டு வேலை செய்த அம்மாவுக்கும், ரசீது இல்லாமல் கூலி வாங்கிய அப்பாவுக்கும்? லயன்ஸ், ரோட்டரி, கோயில் என்று கதவு தட்டுகிறோம். காப்பாரிலிருந்தும் பந்திங்கிலிருந்தும் வருபவருக்கு டயாலிசிஸ் கட்டணத்தைவிட வண்டிச் செலவே பெரிது. கூட்டிக்கொண்டு வரும் மகனின் வேலையும் வாரத்துக்கு மூன்று முறை ஆட்டம் காணும்.

இப்போது அந்த முப்பது வெள்ளிக்கு வருகிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் 20,000 குடும்பங்கள் மாதம் முப்பது வெள்ளி கட்டினால் ஆண்டுக்கு 72 லட்சம் வெள்ளி. பத்தாண்டில் 72 மில்லியன், அதுவும் லாப ஈவு சேர்க்காமல். மைக்காவுக்கு ஒரே வசூலில் கொடுத்ததைவிட இது குறைவு. இந்தப் பணத்தில் கிள்ளானில் ஒன்று, கோலாலம்பூரில் ஒன்று என்று டயாலிசிஸ் மையங்களை நடத்தலாம். காப்பார், பந்திங் பக்கம் நோயாளிகளை ஏற்றிவர வேன் விடலாம். நீரிழிவைத் தொடக்கத்திலேயே பிடிக்கும் கிளினிக் நடத்தலாம். அதைவிட முக்கியமாக, யஷஸ்வினிக்காரர்கள் செய்ததுபோல, 20,000 குடும்பங்களின் பெயரால் ஒரு தனியார் மருத்துவமனையின் கதவைத் தட்டி, பைபாஸுக்கு என்ன விலை, எங்களுக்கு என்ன விலை என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு படுக்கைகூட சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. கையில் உறுப்பினர் பட்டியல் இருந்தால் போதும். புதிய சங்கம் பதிவு செய்வதைவிட, ஏற்கெனவே நிலமும் கட்டடமும் கணக்கும் உள்ள நம் கூட்டுறவுச் சங்கங்களில் ஒன்று இதைக் கையிலெடுத்தால் பாதி வேலை முடிந்தது.

அதை அவர்களிடம் யார் சொல்வது? நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதினால் கோப்பில் கிடக்கும். பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக வந்தால் கோப்பில் கிடக்காது.

நம் வீடுகளில் தாத்தாவின் தகரப் பெட்டியிலோ அலமாரியின் அடித்தட்டிலோ ஒரு கூட்டுறவுப் பங்குப் பத்திரம் கிடக்கும். தாத்தா போய்விட்டார். பங்கு யார் பெயருக்கு மாறியது, வாரிசு நியமனம் செய்திருந்தாரா, உறுப்பினர் எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பல குடும்பங்கள் கேட்டுப் பார்த்ததே இல்லை. ஈவுத்தொகை சிறியது என்று அலட்சியம். ஆனால் அந்தக் காகிதத்தோடு வருவது ஈவுத்தொகை மட்டுமல்ல, ஓர் ஓட்டும்தான். கணக்காய்வு தெரிந்த, சட்டம் படித்த, மருந்துக் கம்பெனியில் கொள்முதல் பார்க்கிற முப்பது வயதுக்காரர் ஒருவர் எழுந்து, அறிக்கையின் பதினேழாம் பக்கத்தில் மூன்றாவது வரிக்கு விளக்கம் கேட்டால் அந்த மண்டபத்தின் சூழலே மாறிவிடும். அங்கே இன்று பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது அறுபது தாண்டியவர்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. வருகிறவர்கள் அவர்கள் மட்டும்தான்.

சட்டப்படி ஒரு கூட்டுறவுச் சங்கம் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைக் கூட்ட வேண்டும். டிசம்பரில் கணக்கு முடிக்கும் சங்கம் என்றால் ஜூன் முடிவதற்குள். பெரிய சங்கங்களில் அதற்கு முன் வட்டார அளவில் கூட்டம் நடத்திப் பேராளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். உண்மையான தேர்வு நடப்பது அங்கேதான். அறிவிப்புக் கடிதம் பழைய முகவரிக்குத்தான் போகும். தாத்தா இருந்த தோட்டமே இன்று இல்லை என்றால் கடிதம் எங்கே போகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். முகவரி மாற்றப் பாரம் அலுவலகத்தில் கிடைக்கும், அடையாள அட்டை நகல் வேண்டியிருக்கும். கூட்டம் பெரும்பாலும் ஞாயிறு காலையில் இருக்கும். மதியச் சாப்பாடு போடுவார்கள்.